பழைய காரின் முன் சஸ்பென்ஷனில் பால் ஜாயிண்ட் மாற்றுவது எப்படி

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் காருக்கு அடியில் குனிந்து ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு பிணைக்கும் மேல், கீழ் ஆர்ம்களில் ஸ்பிரிங் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? ஜாக்கியை எங்கே வைப்பது, எந்த பால் ஜாயிண்ட் (ஆர்மின் வெளி முனையில் உள்ள பந்து மூட்டு) வண்டியின் எடையைச் சுமக்கிறது, எதைக் கழற்றும்போது ஆபத்து என்பதெல்லாம் இதைப் பொறுத்ததுதான்.

1960-களின் செவ்ரலே செவெல், முதல் தலைமுறை கமாரோ போன்றவற்றில் காயில் ஸ்பிரிங் கீழ் ஆர்மில் நிற்கிறது. எனவே எடை கீழ் பால் ஜாயிண்ட் மேல் விழுகிறது. மேல் ஜாயிண்ட் நக்கிளை (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் துண்டு) நேராகப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். முதல் தலைமுறை ஃபோர்டு மஸ்டாங்கில் இது தலைகீழ்: ஸ்பிரிங் மேல் ஆர்மின் தலையில் இருப்பதால் மேல் ஜாயிண்ட்தான் சுமக்கிறது. அந்தக் காலத்து கிரைஸ்லர், டாட்ஜ் வண்டிகளில் காயிலுக்குப் பதில் டார்ஷன் பார் (முறுக்கினால் ஸ்பிரிங் போல எதிர்க்கும் கம்பி) கீழ் ஆர்மைத் தாங்குகிறது. இன்னொன்றையும் உறுதி செய்யுங்கள்: எம்ஜிபி-யில் பால் ஜாயிண்ட்டே கிடையாது, நக்கிள் திரும்பும் தண்டான கிங் பின்தான். டிரையம்ப் ஸ்பிட்ஃபயரில் மேலே பால் ஜாயிண்ட், கீழே டிரன்னியன் என்ற சுழல் மூட்டு. பார்க்காமல் நான்கு ஜாயிண்ட் ஆர்டர் போட்டால் பணம் வீண்.

தேய்மானம் பார்ப்பது

எடை சுமக்கும் ஜாயிண்ட்டில் அழுத்தம் இருக்கும்வரை ஆட்டம் வெளியே தெரியாது. ஸ்பிரிங் கீழ் ஆர்மில் இருந்தால், அந்த ஆர்மின் வெளி முனையில், ஜாயிண்ட்டுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். மஸ்டாங் வகையில், கார் சக்கரத்தில் நிற்கும்போதே மேல் ஆர்மின் அடிப்பக்கத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே கெட்டியான மரக்கட்டையைச் செருகி, பிறகு சட்டத்தைத் தூக்க வேண்டும்.

டயருக்கு அடியில் நீளமான லிவரை விட்டு நெம்புங்கள். இன்னொருவர் ஜாயிண்ட்டில் விரலை வைத்துப் பார்க்கட்டும். ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் மேலும் கீழுமான அசைவு இருந்தால் விரலுக்கே தெரியும். எவ்வளவு வரை அனுமதி என்பது காருக்குக் கார் மாறும். அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவையே டயல் கேஜ் வைத்துச் சரிபாருங்கள். பிறகு டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அப்போது ஆட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி வீல் பேரிங், நிற்காவிட்டால் ஜாயிண்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் தெரிவது பெரும்பாலும் டை ராட் (ஸ்டியரிங்கை நக்கிளோடு இணைக்கும் கம்பி) முனையின் தேய்மானம். ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து உள்ளே மண்ணும் தண்ணீரும் போயிருந்தால், இன்று ஆட்டம் இல்லாவிட்டாலும் அந்த ஜாயிண்ட்டை மாற்றிவிடுவதே நல்லது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த 'பழைய ஸ்டாக் ஒரிஜினல்' என்ற பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே கிரீஸ் கட்டியாகியிருக்கும், பூட் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். கிரீஸ் நிப்பிள் உள்ள புது ஜாயிண்ட்டே மேல். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மறுபக்கமும் அதே தூரம் ஓடியதுதான், ஜோடியாக மாற்றுங்கள்.

கழற்றுவது

முந்தைய இரவே எல்லா நட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் பகுதியைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். சக்கரத்தைக் கழற்றுங்கள். ஸ்பிரிங் கீழ் ஆர்மில் இருக்கும் காரில், அந்த ஆர்முக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி கட்டாயம். ஸ்பிரிங்கின் மொத்த விசையையும் அந்த ஜாக்கிதான் பிடித்திருக்கிறது; வேலை முடியும்வரை அதை அங்கிருந்து எடுக்கவே கூடாது. சந்தேகம் இருந்தால் ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு சங்கிலி போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். டார்ஷன் பார் வண்டியில் சக்கரம் தொங்கும் நிலையில் அட்ஜஸ்டர் போல்ட்டைத் தளர்த்தி அழுத்தத்தை எடுக்க வேண்டும். எத்தனை சுற்று தளர்த்தினீர்கள் என்று எழுதிவையுங்கள், பழைய உயரத்துக்குத் திரும்ப அது உதவும்.

டிஸ்க் பிரேக் என்றால் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் எடை விழக்கூடாது.

இப்போது நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னை உருவி, கேஸில் நட்டைத் (பின் நுழையப் பிளவுகள் உள்ள நட்டு) தளர்த்துங்கள், ஆனால் முழுதாகக் கழற்றாதீர்கள். மூன்று நான்கு மறை (திருகுப் புரி) பிடித்திருக்கட்டும். டேப்பர் (ஜாயிண்ட்டின் தண்டான ஸ்டட்டில், நக்கிளின் ஓட்டைக்குள் கவ்வியிருக்கும் கூம்புப் பகுதி) திடீரென்று விடுபடும்போது ஆர்ம் பறந்து வராமல் தடுப்பது இந்த நட்டுதான். இந்த வேலையில் நடக்கும் மோசமான காயங்கள் பெரும்பாலும் இந்த நட்டை முன்கூட்டியே கழற்றியதால் வருபவை.

டேப்பரைப் பிரிக்கத் திருகி அழுத்தும் புல்லர் இருந்தால் சிறப்பு. அதை இறுக்கி வைத்து, நக்கிளில் ஸ்டட் புகுந்திருக்கும் கண்ணின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு மூன்று பலமான அடி கொடுங்கள். எதிர்ப்பக்கம் இன்னொரு கனமான சுத்தியலை அண்டக் கொடுத்தால் அடியின் அதிர்வு முழுதும் டேப்பருக்கே போகும். ஸ்டட்டின் முனையில் அடித்தால் மறை நசுங்குமே தவிர டேப்பர் விடாது. கவட்டை மாதிரியான பிரிப்பான் வேகமாக வேலை செய்யும். ஆனால் பூட்டைக் கிழித்துவிடும். தூக்கிப்போடும் ஜாயிண்ட்டுக்கு அது சரி, திரும்ப மாட்டப்போகும் டை ராட் முனையில் வேண்டாம்.

கீழ் ஆர்மில் காயில் உள்ள காரில் ஸ்பிரிங்கையே உதவிக்கு அழைக்கலாம். நட்டு பிடித்திருக்கும் நிலையில் ஜாக்கியைக் கொஞ்சமே கொஞ்சம் இறக்குங்கள். அப்போது அடித்தால் 'டப்' என்ற சத்தத்தோடு டேப்பர் விடும். விட்டதும் ஜாக்கியை மீண்டும் ஏற்றி எடையை எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகே நட்டைக் கழற்றுங்கள். நெருப்பு வைத்துச் சூடாக்குவது வேண்டாம். பக்கத்து ரப்பர் புஷ்களும் வீல் பேரிங் கிரீஸும் பாழாகும்.

ஆர்மிலிருந்து பழைய ஜாயிண்ட்டை எடுப்பது

ஃபாக்டரியில் ரிவெட் அடித்த ஜாயிண்ட் என்றால் ஒவ்வொரு ரிவெட் தலையின் நடுவிலும் சென்டர் பஞ்சால் குறி போடுங்கள். முதலில் 3 மி.மீ. டிரில், அடுத்து 6 மி.மீ., கடைசியில் 12 மி.மீ. வைத்துத் தலையை மட்டும் சீவுங்கள். டிரில் ஆர்மின் தகட்டைத் தொடக்கூடாது. ஓட்டை பெரிதானால் புது போல்ட்டு ஆடும், ஆர்மையே மாற்ற வேண்டிவரும். மிச்சத் தலையை உளியால் வெட்டி, உடலைப் பஞ்சால் தட்டி எடுங்கள். ஜாயிண்ட் ஆர்முக்கு மேலே உட்கார்ந்திருந்ததா, கீழேயா என்பதை ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டால் பிறகு குழப்பமில்லை. புது ஜாயிண்ட்டோடு வரும் போல்ட்டுகளையே போடுங்கள். அவை அதிக வலிமை கொண்டவை. கையில் கிடைத்த சாதா போல்ட்டு இங்கே ஆகாது.

அழுத்திப் பொருத்தும் வகைக்கு சி வடிவ பிரஸ் தேவை. சர்க்ளிப் இருந்தால் முதலில் அதை எடுங்கள். புதியதை உள்ளே தள்ளும்போது அழுத்தம் அதன் வெளி விளிம்பில் விழ வேண்டும். நடு மூடியில் அழுத்தினால் மூடி குழிந்து பந்து இறுகிவிடும். கோணலாக ஏறத் தொடங்கினால் நிறுத்தி, வெளியே எடுத்து மீண்டும் ஆரம்பியுங்கள். கையால் தள்ளியே உள்ளே போய்விட்டால் ஆர்மின் ஓட்டை தேய்ந்துவிட்டது என்று பொருள். அங்கே வெல்டிங் வைத்து ஒட்டுவது தீர்வல்ல: சூட்டில் உள்ளே இருக்கும் லைனரும் கிரீஸும் கெடும், ஜாயிண்ட் எப்போது கழலும் என்று சொல்ல முடியாது. ஆர்மை மாற்றுங்கள்.

பழைய மினியின் கதை வேறு. அங்கே பந்தும் அதன் இருக்கையும் ஹப்பிலேயே, பெரிய நட்டுக்குள் இருக்கின்றன. ஆட்டத்தைச் சரிசெய்வது ஷிம் என்ற மெல்லிய தகட்டு வளையம். கீழ் ஜாயிண்ட்டின் சிறிய ஸ்பிரிங்கைப் போடாமல், ஷிம்மும் லாக் வாஷரும் இல்லாமல் நட்டை ஆட்டம் முழுதும் போகும்வரை திருகுங்கள். நட்டுக்கும் ஹப்புக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, லாக் வாஷரின் தடிமனைக் கழித்தால் மீதி ஷிம்மின் அளவு. கிரீஸ் போட்டு, ஸ்பிரிங்கையும் சேர்த்து இறுக்கிய பின் ஆட்டம் துளியும் இருக்கக்கூடாது, ஆனால் பந்தின் தண்டு கையால் அசைய வேண்டும். இறுகி நின்றால் ஸ்டியரிங் திரும்பி வராமல் கனக்கும்.

திரும்ப மாட்டுவது

நக்கிளின் டேப்பர் ஓட்டையைத் துணியால் பளிச்சென்று துடையுங்கள். ஸ்டட்டின் டேப்பரிலும் எண்ணெயோ கிரீஸோ ஒரு சொட்டு கூட வேண்டாம். உலர்ந்த இரும்பும் உலர்ந்த இரும்பும் கவ்விப் பிடித்தால்தான் ஸ்டட் அசையாது. ஓட்டை நீள்வட்டமாகியிருந்தாலோ, ஸ்டட் அளவுக்கு மீறி உள்ளே போய் நட்டு மறை தீர்ந்து நின்றாலோ, நக்கிள் தேய்ந்திருக்கிறது அல்லது பாகம் தவறு. இறுக்கிப் பார்த்துச் சமாளிக்க முயல வேண்டாம்.

நட்டைத் திருகும்போது ஸ்டட்டும் கூடவே சுற்றுகிறதா? ஜாக்கியால் ஆர்மை லேசாக அழுத்தி டேப்பரை உட்காரவையுங்கள். நைலான் பிடிப்புள்ள நட்டு என்றால் முதலில் அதே மறையுள்ள சாதா நட்டால் இறுக்கி டேப்பர் கவ்விய பின் மாற்றுங்கள். பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் கார்களில் மறை அங்குல அளவு. மில்லிமீட்டர் நட்டை வலிந்து ஏற்றினால் புது ஸ்டட் பாழ்.

மேனுவலில் உள்ள டார்க்குக்கு இறுக்கியும் ஸ்பிளிட் பின் துளை நேர்ப்படாவிட்டால், இன்னும் சற்று இறுக்கி நேர்ப்படுத்துங்கள். தளர்த்தி நேர்ப்படுத்தவே கூடாது. ஸ்பிளிட் பின் எப்போதும் புதியதாக இருக்கட்டும்.

பூட்டில் கிரீஸ் வெளியேறும் துளை இருந்தால் அது காரின் உள்பக்கம் பார்க்கட்டும், பிரேக்கின் மேல் கசியாது. கிரீஸ் கன்னை மெதுவாக அழுத்தி, பூட் லேசாக உப்பியதும் நிறுத்துங்கள். வேகமாக அடித்தால் பூட் வெடிக்கும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, நிப்பிள் எதிலும் உரசவில்லை என்று பாருங்கள். இடித்தால் வளைந்த நிப்பிள் போடலாம்.

ஆர்மின் உள்முனை போல்ட்டுகளைத் தொடாமல் விட்டிருந்தால் நல்லது. தளர்த்த நேர்ந்திருந்தால் ஷிம்கள் எந்தப் பக்கம் எத்தனை என்று குறித்து அப்படியே வையுங்கள். ரப்பர் புஷ் உள்ளவற்றைக் கார் தன் எடையில் சக்கரத்தில் நிற்கும்போது கடைசியாக இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

சக்கரத்தை மாட்டி, காரை இறக்கி, முன்பக்கத்தைச் சில தடவை அழுத்திவிட்டுச் சிறிது தூரம் மெதுவாக ஓட்டுங்கள். ஒரு பக்கம் இழுப்பதும் ஸ்டியரிங் கோணலாக நிற்பதும் அலைன்மென்ட் மாறியதன் அடையாளம். எதுவும் தெரியாவிட்டாலும் காஸ்டர், கேம்பர், டோ என்ற சக்கரக் கோணங்கள் மூன்றையும் அளந்து சரிசெய்யக் கொடுங்கள். ஜாயிண்ட்டின் உயரம் மில்லிமீட்டர் மாறினாலும் டயர் ஒரு ஓரமாகத் தேயும். முதல் நூறு இருநூறு கிலோமீட்டருக்குப் பிறகு சக்கர நட்டுகளையும், ரிவெட்டுக்குப் பதில் போட்ட போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் இன்னொரு முறை சரிபாருங்கள்.