இளஞ்சிவப்பு ஆல்பம்: 1995 பதிப்பையும் 2009 மறுவெளியீட்டையும் கொடைக்கானல் வீட்டில் ஒப்பிட்டுக் கேட்பது எப்படி

சன்னி டே ரியல் எஸ்டேட் என்ற அமெரிக்க ராக் குழுவின் இரண்டாம் ஆல்பத்தில் 1995 பதிப்பு நல்லதா, 2009 மறுவெளியீடு நல்லதா என்ற பேச்சு, சத்த அளவைச் சமப்படுத்தாமல் கேட்டதாலேயே பாதி நேரம் வீணாகிறது. ஒரே பாட்டை ஒரு டெசிபல் கூட்டி வைத்தால் போதும், காது அதை ‘சத்தம் கூடியிருக்கிறது’ என்று சொல்லாது. ‘தெளிவாக இருக்கிறது’, ‘கிட்டத்தில் கேட்கிறது’ என்றுதான் சொல்லும். அளவைச் சமமாக்கிய பிறகும் ஒரு வேறுபாடு காதில் நின்றால் அதுதான் கருத்து. அந்த இடத்துக்கு வந்து சேரும் வழி கீழே.

முதலில் ஆல்பத்தைப் பற்றிச் சில செய்திகள். இவை தெரியாவிட்டால் பாட்டில் இருக்கும் குணத்தை ரீமாஸ்டரின் (பழைய பதிவையே ஒலி திருத்தி மறுபடி வெளியிட்டதன்) குறை என்று எழுதிவிடுவோம். சியாட்டில் குழு இது. முதல் ஆல்பம் ‘டைரி’ 1994இல் சப் பாப் நிறுவனத்தில் வந்தது. இரண்டாவது 1995 நவம்பரில் கடைக்கு வந்தபோது குழு கலைந்துவிட்டிருந்தது. பேஸ் வாசித்த நேட் மெண்டலும் டிரம்ஸ் வாசித்த வில்லியம் கோல்ட்ஸ்மித்தும் ஃபூ ஃபைட்டர்ஸ் என்ற வேறொரு ராக் குழுவுக்குப் போயிருந்தார்கள். இரண்டு ஆல்பங்களுக்கும் தயாரிப்பாளர் பிராட் வுட். அட்டையில் படம் இல்லை, வெறும் இளஞ்சிவப்பு. அதனால்தான் ‘பிங்க் ஆல்பம்’ என்று பெயர். இரண்டாவது ஆல்பம் என்பதால் ‘எல்பி2’ என்றும் சொல்வார்கள். பாடல் வரிகள் சில முழுதாக எழுதப்படாமலே பதிவாகின. பாடகர் ஜெரமி ஈனிக் சில இடங்களில் சொல் இல்லாத ஒலிகளையே பாடியிருக்கிறார். ஆகவே ‘குரல் மங்கலாக இருக்கிறது, சொல் புரியவில்லை’ என்று எந்தப் பதிப்பின் மீதும் எழுதாதீர்கள். சொல்லே இல்லாத இடத்தில் மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் செய்யும் கடைசி ஒலித் திருத்தம்) எதைத் தெளிவாக்கும்? அந்தப் புரியாமைதான் இந்த ஆல்பத்தின் அழகு என்பது எங்கள் கருத்து.

கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். முதல் பதிப்பில் ஒன்பது பாட்டுகள். கடைசிப் பாட்டு ‘ரோடியோ ஜோன்ஸ்’. அதற்குப் பின்னால் ‘ஸ்பேட் அண்ட் பரேட்’, ‘பக்கெட் ஆஃப் சிக்கன்’ என்ற இரண்டும் இருந்தால் அது 2009 ரீமாஸ்டர். சிடியோடு சிடியை ஒப்பிடுங்கள், எல்பியோடு (ஊசி வைத்துப் போடும் பெரிய இசைத்தட்டு) எல்பியை. பழைய சிடிக்கும் புது எல்பிக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டுவிட்டு ‘மறுவெளியீடு இப்படி’ என்று முடிவு கட்டினால், அது தட்டின் வகையைப் பற்றிய கருத்தே தவிர ரீமாஸ்டரைப் பற்றியது அல்ல.

அடுத்தது அறை. கொடைக்கானலில் தகரக் கூரை வீடானால் மழை நேரத்தில் இந்த வேலையே வேண்டாம். இந்தக் குழுவின் பாட்டுகள் மெல்லிய கிட்டாரில் கிடந்து திடீரென்று எழும்புபவை. கூரைச் சத்தம் அந்த மெல்லிய பகுதியை மூழ்கடித்துவிட்டால், சத்தம் ஏற்றிய பதிப்பு தானாகவே ஜெயித்துவிடும். அக்டோபர், நவம்பர் மழையை விட்டு, ஜனவரி, பிப்ரவரி இரவைத் தேர்ந்தெடுங்கள். சீசன் நேரமானால் ஏரிப் பக்கத்து வீடுகளில் ஹார்ன் ஓய்ந்த பிறகு, இரவு பத்துக்கு மேல். கண்ணாடிச் சன்னலும் வெறும் சுவரும் எதிரொலிக்கும். வீட்டில் இருக்கிற கம்பளிகளை ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரிலும் பக்கச் சன்னலிலும் தொங்கவிட்டாலே நல்ல மாற்றம் தெரியும். இரண்டு ஸ்பீக்கருக்கு இடையே எவ்வளவு தூரமோ அதே தூரத்தில் நாற்காலி. சுமார் இரண்டு மீட்டர். புளூடூத் ஸ்பீக்கர் இதற்கு உதவாது. ஒயர் போட்ட ஸ்பீக்கர் இல்லையென்றால் ஒயர் போட்ட ஹெட்ஃபோனில் ஒருவர் மாற்றி ஒருவர் கேளுங்கள்.

சிடி வைத்திருப்பவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிவிடலாம். எல்பி வைத்திருப்பவர்களுக்கு மலையில் நான்கு தொல்லைகள்.

ஒன்று, குளிர். கார்ட்ரிட்ஜின் (ஊசி பொருத்திய சிறு பாகம்) ஊசித்தண்டைத் தாங்குவது ஒரு சிறு ரப்பர். அது 20 டிகிரிக்கு மேலே வேலை செய்யும்படி அமைந்தது. பத்து டிகிரி அறையில் அது விறைத்துப்போய், சத்தமான இடங்களில் குரல் கரகரக்கும். கேட்பவர் ரீமாஸ்டரைக் குறை சொல்வார். ஒரு மணி நேரம் முன்பே ஹீட்டர் போட்டு அறையைச் சூடாக்குங்கள். தட்டையும் அதே அறையில் அப்போதே கொண்டுவந்து வையுங்கள். குளிர்ந்த அலமாரியிலிருந்து நேரே எடுத்தால், ஆட்கள் நிறைந்த அறையின் ஈரம் தட்டின் மேல் வியர்த்துவிடும். கணப்பு அருகே மட்டும் வேண்டாம், வளைந்துவிடும். மலையடிவாரத்து வத்தலக்குண்டு வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்தாலும் அதே கதிதான்.

இரண்டு, மரத்தரை. பழைய பங்களாக்களில் ஒருவர் நடந்தால் ஊசி குதிக்கும். டர்ன்டேபிளை (தட்டைச் சுழற்றும் கருவி) சுவரில் அடித்த பலகையின் மேல் வையுங்கள். முடியாவிட்டால் நான்கு ரப்பர் துண்டுகள், அவற்றின் மேல் ஒரு கடப்பா கல், அதன் மேல் டர்ன்டேபிள். மூன்று, ஓதம். வெளிச்சுவரை ஒட்டி வைத்த அட்டைகளில் பூஞ்சை பிடிக்கும். இளஞ்சிவப்பு அட்டையில் கறை மறையவே மறையாது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிமிர்த்தி வைத்து, சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, நிறம் மாறியதும் அவற்றைக் காயவைத்து மறுபடி போடுங்கள்.

நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை. 1845இலேயே அமெரிக்க மிஷனரிகள் குடியேறிய ஊர் இது. பழைய வீட்டுச் சாமான்களில் அமெரிக்க டர்ன்டேபிள் கிடைத்தால் அதை 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டினால் மட்டும் போதாது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், அலைவெண்ணை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏசி மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் 33⅓க்குப் பதில் நிமிடத்துக்குச் சுமார் 28 சுற்றுதான் சுற்றும். பாட்டு ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் கீழே இறங்கி, இழுத்துக்கொண்டு கேட்கும். டிசி மோட்டார் உள்ளவற்றில் இந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மலிவான இன்வெர்ட்டர்கள் ஆம்ப்ளிஃபையரில் ரீங்காரம் ஏற்றும். ஒப்பீட்டை நிறுத்திவிட்டு, கரண்ட் வந்ததும் அந்தப் பாட்டை இரண்டு பதிப்பிலும் முதலிலிருந்து போடுங்கள்.

இனி முக்கியமான வேலை, அளவைச் சமப்படுத்துதல். இரண்டு சிடிகளையும் ஃப்ளாக் (ஒலித்தரம் குறையாத) கோப்புகளாக எடுத்து, கம்ப்யூட்டரில் ஃபூபார்2000 என்ற பாட்டு போடும் மென்பொருளில் தனித்தனி ஃபோல்டராக ஏற்றுங்கள். ஒவ்வொரு ஃபோல்டரையும் ‘ஒரே ஆல்பம்’ என்ற தேர்வில் ரீப்ளேகெய்ன் (சத்த அளவை அளந்து சமப்படுத்தும் வசதி) ஸ்கேன் செய்யுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: 2009 பதிப்பை முழுதாக ஸ்கேன் செய்தால் கூடுதல் பாட்டுகள் இரண்டும் கணக்கில் சேர்ந்து சராசரி மாறிவிடும். இரண்டிலும் முதல் ஒன்பது பாட்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஸ்கேன் செய்யுங்கள். பிளேபேக் அமைப்பில் ‘ஆல்பம்’ முறையை வையுங்கள், ‘டிராக்’ முறையை அல்ல. டிராக் முறை ஒவ்வொரு பாட்டையும் தனியே சமப்படுத்திவிடும். மெல்லிய பாட்டுக்கும் சத்தமான பாட்டுக்கும் குழு வைத்த இடைவெளி அழிந்துபோகும்.

ஸ்கேன் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று மைனஸ் 4, மற்றது மைனஸ் 8 என்று வந்தால், இரண்டாவது பதிப்பு 4 டெசிபல் சத்தம் கூட்டி மாஸ்டர் செய்யப்பட்டிருக்கிறது என்று பொருள். ‘மறுவெளியீடு ரொம்பச் சத்தம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட இந்த எண் மேல். எல்பியானால் ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் 24 பிட்டில், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதிவு செய்து, இரைச்சல் நீக்கும் கருவி எதையும் தொடாமல், இரண்டையும் லவுட்னஸ் நார்மலைசேஷனில் மைனஸ் 20 எல்யூஎஃப்எஸுக்கு (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு) கொண்டுவாருங்கள். இன்னும் ஏற்றினால் டிரம்ஸ் அடிகள் உச்சத்தில் வெட்டுப்பட்டு, நீங்களே ஒரு புதுக் குறையை உண்டாக்கிவிடுவீர்கள்.

கேட்கும் இரவில் ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். ஓரத்து நாற்காலிக்காரருக்கு ஒரு ஸ்பீக்கர்தான் கேட்கும். ஒருவர் மட்டும் இயக்குபவர். எது ‘அ’, எது ‘ஆ’ என்பது அவருக்கு மட்டுமே தெரியும், அவர் கருத்துச் சொல்வதில்லை. முதலில் ஏதாவது ஒரு பதிப்பை ‘ஃப்ரைடே’ முதல் ‘ரோடியோ ஜோன்ஸ்’ வரை பேச்சில்லாமல் முழுதாகக் கேளுங்கள். முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஒன்பதாம் பாட்டு முடிந்ததும் கட்டாயம் நிறுத்துங்கள். கூடுதல் பாட்டுகள் உடனே ஓடினால் ஆல்பத்தின் முடிவு எப்படி இருந்தது என்பதே நினைவில் நிற்காது. மறுவெளியீடு பிடிக்காது என்பவர்கள் சிலர் உண்மையில் வெறுப்பது இந்தத் தொடர்ச்சியைத்தான். எல்லோரும் தாளில் எழுதிய பிறகு அந்த இரண்டையும் தனியாகக் கேட்டு, தனியாக மதிப்பிடுங்கள்.

பிறகு டீ. பிறகு ‘அ’வும் ‘ஆ’வும் மாற்றி மாற்றி, முப்பது விநாடித் துண்டுகளாக. மூன்று வகை இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: கிட்டாரும் குரலும் மட்டும் உள்ள இடம், நால்வரும் சேர்ந்து வெடிக்கும் இடம், டிரம்ஸின் சிம்பல் தட்டை அடித்த ஓசை அடங்கும் இடம். ரீமாஸ்டரில் சத்தத்தை அழுத்தியிருந்தால் (மெல்லியதற்கும் பலத்ததற்கும் உள்ள இடைவெளியைக் குறைத்திருந்தால்) மூன்றாவதில்தான் முதலில் தெரியும். அடங்க வேண்டிய ஓசை அடங்காமல் மேலேயே மிதக்கும். ‘5/4’ பாட்டில் தொடையில் தட்டி எண்ணிப் பாருங்கள். அடி எந்தப் பதிப்பில் கைக்குச் சுலபமாகச் சிக்குகிறது என்பது டிரம்ஸின் தெளிவுக்கு நல்ல சோதனை.

‘எனக்கு வேறுபாடு நிச்சயமாகத் தெரிகிறது’ என்பவருக்கு எது ஓடுகிறது என்று காட்டாமல் சோதிக்கும் ஃபூபாரின் ஏபிஎக்ஸ் கருவி இருக்கிறது. பதினாறு முறையில் பன்னிரண்டுக்கு மேல் சரியாகச் சொன்னால் அவர் கேட்பது ஊகமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒன்பது பத்து வந்தால் குருட்டு அதிர்ஷ்டத்திலேயே வரக்கூடியது. எட்டு முறைக்குப் பின் காது சோர்ந்துவிடும், ஒரு இடைவேளை விடுங்கள்.

கருத்தை எழுதும்போது முதல் வரியில் பதிப்பு, சிடியா எல்பியா, அளவு சமப்படுத்தப்பட்டதா என்பவை வரட்டும். பாட்டின் மீதான கருத்தும் மாஸ்டரிங் மீதான கருத்தும் தனித்தனி வாக்கியங்களில். ‘புதியது சூடாக இருக்கிறது’ என்றால் யாருக்கும் புரியாது. ‘இந்தப் பாட்டின் இந்த நிமிடத்தில் பேஸ் டிரம்ஸுக்குப் பின்னால் ஒதுங்குகிறது’ என்றால் அடுத்தவர் போட்டுப் பார்த்து ஒப்பலாம், மறுக்கலாம். ‘டைரி’யா இதுவா என்ற வாதத்தை அதே இரவில் எடுக்காதீர்கள், அது பதிப்பைப் பற்றியதே அல்ல, அதற்கு இன்னொரு இரவு முழுதும் வேண்டும்.

எல்லோரும் எழுதி முடித்த பிறகுதான் இயக்குபவர் ‘அ’ எது என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு தாளில் யாரும் திருத்தக் கூடாது. எல்பி போட்டிருந்தால், ஹீட்டரை அணைக்கும் முன்பே தட்டைத் துடைத்து உறையில் போட்டு அலமாரியில் நிமிர்த்தி வைத்துவிடுங்கள். அறை குளிர்ந்து ஈரம் இறங்கிய பிறகு போட்டால் அந்த ஈரமும் உறைக்குள் போய்விடும்.