ஆட்டோகிராஸ் ஸ்விஃப்ட்டுக்கு ஜப்பான் பாகம் வாங்குவது எப்படி

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பழைய ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கி ஆட்டோகிராஸுக்கு (குட்டைப் பாதையில் ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓட்டும் போட்டி) தயார் செய்யும் தம்பிகள் எல்லாரும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிக்கிறார்கள்: "அண்ணா, டெயின் போடலாமா, குஸ்கோ போடலாமா?" இரண்டும் சஸ்பென்ஷன் பாகம் செய்யும் ஜப்பான் கம்பெனிகள். பிராண்டை கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தரை, அடுத்து ரூல் புக், அதற்கப்புறம் உங்கள் காரின் மாடல் கோடு, அதாவது கம்பெனி வைத்த குறியீடு. இந்த வரிசையில் போனால் பாதிப் பணம் மிஞ்சும். ஜாக்கி வைப்பது, வீல் கழற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதல் படி: எந்தத் தரையில் ஓட்டப் போகிறீர்கள்?

நாம் ஆட்டோகிராஸ் என்று ஒரே பெயரில் சொல்வதை ஜப்பானில் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். தார், கான்கிரீட் தரையில் நடப்பது ஜிம்கானா, மண்ணில் நடப்பது டர்ட் டிரையல். இரண்டுக்கும் தனித்தனியாகத் தேசிய சாம்பியன்ஷிப் நடக்கிறது, பாகம் செய்யும் கம்பெனிகளும் இரண்டையும் தனித்தனியாகவே விற்கிறார்கள். ஜிம்கானா செட்டில் ஸ்பிரிங் கெட்டி, ஷாக் அப்சார்பர் மேலும் கீழும் போகும் தூரம் குறைவு. டர்ட் செட்டில் அந்தத் தூரம் அதிகம், ஸ்பிரிங்கும் அவ்வளவு கெட்டியாக இருக்காது. நம் ஊர் ஆட்டோகிராஸ் பல இடங்களில் மண்ணில்தான் நடக்கிறது, அதுவும் நம் செம்மண்ணில் பத்து கார் ஓடி முடித்ததும் திருப்பங்களில் பள்ளம் விழுந்துவிடும். அதில் ஜிம்கானா செட்டோடு இறங்கினால் சக்கரம் தரையில் நிற்காது, குதித்துக்கொண்டே போகும். ஆகவே "ஸ்விஃப்ட் காயிலோவர்" (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த செட்) என்று மட்டும் தேடாதீர்கள், மண்ணா தாரா என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.

ஜப்பான் கேட்லாக்கில் ஸ்பிரிங் கெட்டியை 4கே, 6கே என்று போட்டிருப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ எடை வேண்டும் என்ற கணக்கு அது. 1கே என்பது கிட்டத்தட்ட 9.8 நியூட்டன், அமெரிக்கக் கணக்கில் இஞ்சுக்கு 56 பவுண்டு. இணையத்தில் ஒருவர் 250 என்பார், இன்னொருவர் 4.5 என்பார், இரண்டும் ஏறக்குறைய ஒரே ஸ்பிரிங்தான்.

இரண்டாம் படி: ரூல் புக்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். தேசியப் போட்டிகள் எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) விதிப்படி நடப்பவை, கலந்துகொள்ள அவர்களுடைய லைசென்ஸ் வேண்டும். எந்த வகுப்பில் எதை மாற்றலாம் என்று அந்த வருடத்து விதியிலேயே இருக்கும். ஒரே ஒரு பாகத்தால் உங்கள் கார் மேல் வகுப்புக்குப் போய், ரேலிக்கே தயார் செய்த கார்களோடு மோத வேண்டி வரலாம். வாங்கும் முன் அமைப்பாளருக்கு ஒரு போன் போடுங்கள், செலவே இல்லை.

மூன்றாம் படி: மாடல் கோடு

எனக்குத் தலை சுற்றியது இங்கேதான், அதனால் மெதுவாகச் சொல்கிறேன். ஜப்பானில் "ஸ்விஃப்ட் பாகம்" என்று தேடினால் வருவதில் பெரும்பகுதி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கானது. 2005இல் வந்த ஸ்போர்ட்டின் கோடு இசட்சி31எஸ், அடுத்த தலைமுறை இசட்சி32எஸ், டர்போ வந்தது இசட்சி33எஸ். முதல் இரண்டிலும் 1.6 லிட்டர் இன்ஜின். இந்த ஸ்போர்ட் இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை. நம் காருக்கு உறவுக்காரன் அங்கே சாதா ஸ்விஃப்ட்தான்: முதல் தலைமுறையில் 1.3 லிட்டர் இசட்சி11எஸ், 1.2 லிட்டர் இசட்சி71எஸ், அடுத்ததில் இசட்சி72எஸ், அதற்கடுத்து இசட்சி83எஸ். பாகத்தின் பக்கத்தில் இந்தக் கோடு இல்லாவிட்டால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

கோடு ஒத்துப் போனாலும் வேலை முடியவில்லை, ஏனென்றால் இந்தியாவில் செய்த காருக்கும் ஜப்பானில் செய்த காருக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. அதற்கு ஒரு வழி இருக்கிறது. மாருதி ஜெனுயின் பாகத்தின் டப்பாவில் உள்ள எண்ணைப் பாருங்கள், நடுவில் ஒரு 'எம்' இருக்கும். அதற்கு முன்னால் உள்ள ஐந்து இலக்கம் எந்தப் பாகம் என்று சொல்கிறது (41601 என்றால் முன் வலது ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் தூண், 41602 என்றால் இடது), பின்னால் வருவது எந்த வண்டிக்காக வரைந்தது என்று சொல்கிறது. அந்த 'எம்'மை எடுத்துவிட்டு மிச்சத்தை ஜப்பான் சுசுகி எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒத்துப் போனால் நிம்மதி. ஒத்துப் போகாவிட்டால் மாட்டாது என்று அர்த்தமில்லை, அளந்து பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

அளப்பதற்கு ஒரு நல்ல வெர்னியர் வேண்டும். என் கட்சி மிட்டுடோயோ. விலை கடிக்கும், ஆனால் பேட்டரி போட்ட மலிவு வெர்னியர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கணக்குச் சொல்லும். முன் ஸ்ட்ரட்டில் அளக்க வேண்டியவை: கீழே நக்கிளோடு (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் துண்டு) சேரும் இரண்டு போல்ட் ஓட்டைகளின் நடு முதல் நடு வரை உள்ள தூரம், போல்ட்டின் தடிமன், நக்கிள் காது உள்ளே போகும் இடைவெளி, பிரேக் ஹோஸ் கிளாம்ப் இருக்கும் இடம், மேல் மவுண்ட்டில் ராடு நுழையும் ஓட்டை. பின்னால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி என்பதால் வேலை சுலபம், கீழ்ப் புஷ்ஷின் அகலத்தையும் போல்ட்டையும் பார்த்தால் போதும். இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி, ஸ்கேலோடு போட்டோ எடுத்து விற்பவருக்கு அனுப்புங்கள். ஒழுங்கான கடைக்காரர் தன்னிடம் உள்ளதை அளந்து பதில் போடுவார். "யெஸ் யெஸ், ஃபிட் ஃபிட்" என்று மட்டும் வந்தால் வேறு கடை பாருங்கள்.

நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ஜப்பானிலும் ஸ்டியரிங் வலது பக்கம்தான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், பிரேக் மாஸ்டர் மாதிரிப் பாகங்களில் அமெரிக்காக்காரர் படும் பாட்டை நாம் பட வேண்டியதில்லை.

வீல், நட், டயர்

நம் ஸ்விஃப்ட்டுக்குப் பிசிடி (நட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 100 மி.மீ., நான்கு நட், நடு ஓட்டை 54.1 மி.மீ. நிறைய ஜப்பான் வீல்களின் நடு ஓட்டை 73 மி.மீ. பக்கம் இருக்கும், இடைவெளிக்கு ரிங் வேண்டும். பிளாஸ்டிக் ரிங் மண்ணிலும் சூட்டிலும் நொறுங்கிவிடுகிறது. ஓசூர் சிப்காட் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் அலுமினியத்தில் நான்கு ரிங் கடைந்து கொடுப்பார்கள், வீலையும் ஹப் அளவையும் கொண்டுபோனால் போதும். 5 இஞ்சு அகல வீலைக் கழற்றிவிட்டு அதே ஆஃப்செட்டில் (வீலின் நடுவிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு) 6.5 இஞ்சு போட்டால் உள்பக்கம் 19 மி.மீ., வெளிப்பக்கம் 19 மி.மீ. கூடும். உள்ளே ஸ்ட்ரட்டில் இடிக்கிறதா என்று ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பாருங்கள். ஆஃப்செட் எண் குறையக் குறைய வீல் வெளியே வரும்.

*பிறகு சேர்த்தது:* பாலக்கோட்டிலிருந்து ஒருவர், புது நட் இரண்டு சுற்றுக்கு மேல் போகவில்லை என்று எழுதியிருந்தார். சுசுகிக்கு எம்12, பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.25 மி.மீ. ஹோண்டா, டொயோட்டாவுக்கு 1.5. இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், முதல் சுற்று கையாலேயே போகும். மாட்டிக்கொண்டால் ஏர் கன் வைக்காதீர்கள், ஸ்டட் மரையே போய்விடும். எல்லா நட்டையும் கையால் கடைசி வரை ஓட்டிவிட்டு அப்புறம் டார்க் ரெஞ்ச்.

டயரை ஜப்பானிலிருந்து வரவழைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். 2020 ஜூனில் டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தார்கள், ஐஎஸ்ஐ முத்திரையும் வேண்டும். யோகோஹாமாவுக்கு ஹரியானா பகதூர்கரிலும், பிரிட்ஜ்ஸ்டோனுக்குப் புனேயிலும் ஆலை இருக்கிறது, இங்கே செய்ததையே வாங்குங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும், 2324 என்றால் 2024ஆம் வருடம் 23ஆவது வாரம். பழைய ஸ்டாக் மலிவாகக் கிடைக்கும், ரப்பர் இறுகிப் போயிருக்கும்.

பிரேக் பேட், ஃபில்டர்

என்ட்லெஸ், புராஜெக்ட் மியூ பேட்களில் எத்தனை டிகிரியிலிருந்து எத்தனை வரை என்று எழுதியிருக்கும். எல்லாரும் மேல் எண்ணைப் பார்த்து மயங்குகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது கீழ் எண். ஆட்டோகிராஸ் ஓட்டம் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும், ரேஸ் பேட் சூடாவதற்குள் கொடி விழுந்துவிடும். பூஜ்யத்திலிருந்து பிடிக்கும் பேட் போதும்.

காளான் மாதிரித் திறந்திருக்கும் ஏர் ஃபில்டர் வேண்டவே வேண்டாம். நம் ஊர்ப் புழுதிக்கு மாருதி பேப்பர் ஃபில்டர்தான் சரி, ஒவ்வொரு போட்டிக்கும் புதிது போட்டாலும் காசு பெரிதில்லை.

வரவழைப்பது

ஏலத் தளங்களில் பழைய ஷாக், பழைய வீல் கண்ணைப் பறிக்கும் விலையில் இருக்கும். பழைய பாகங்களை உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்ய முடியாது, கஸ்டம்ஸில் நின்றுவிட்டால் பாகமும் போச்சு, காசும் போச்சு. புதிதாக மட்டும் வாங்குங்கள். வரியைப் பாகத்தின் விலைக்கு மட்டும் போட மாட்டார்கள். அனுப்பும் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த தொகைக்குத்தான் போடுவார்கள். 20,000 ரூபாய் ஷாக்குக்கு அனுப்பும் செலவு 8,000 என்றால் வரிக் கணக்கு 28,000-க்கு மேல்தான் ஆரம்பிக்கும். கூரியர்காரர் கேஒய்சி கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்புவார், அன்றைக்கே பதில் போடுங்கள், தாமதித்தால் கிடங்கு வாடகை ஏறும்.

இன்னொன்று. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் வரும், உச்ச நீதிமன்றமும் 2019இல் அதைக் கறாராகச் சொல்லிவிட்டது. போட்டி செட்டைத் தனியாக வைத்துக்கொண்டு, காரை லாரியில் ஏற்றிப் போவதுதான் வழி. புது ஷாக்கை "சும்மா ஒரு ரவுண்டு" பார்க்கத் தொப்பூர் கணவாய்க்குப் போகிறேன் என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம், அந்த இறக்கத்தில் லாரி பிரேக் பிடிக்காமல் வரும் கதை நம் மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

*மறுபடியும் சேர்த்தது:* எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் இரண்டுக்கும் இழுவை போகச் செய்யும் டிஃபரன்ஷியல்) எப்போது வாங்கலாம் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஷாக், டயர், பேட் மூன்றும் முடிந்து ஒரு சீசன் ஓட்டிய பிறகு, அதுவும் உங்கள் வகுப்பில் அனுமதி இருந்தால் மட்டும். முன் சக்கர இழுவைக்கு ஒன்-வே (ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் பிடிப்பது) அல்லது ஒன்றரை-வே (காலை எடுக்கும்போதும் கொஞ்சம் பிடிப்பது) எடுங்கள். ஆர்டர் போடும் முன் கியர் பாக்ஸ் எண்ணையும் ஆக்சில் முனையில் உள்ள ஸ்ப்லைன் பல் எத்தனை என்பதையும் விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மாட்டிய பிறகு மெதுவாகத் திரும்பும்போது கடகடவென்று சத்தம் வந்தால் பயப்படாதீர்கள், பிளேட் வகை அப்படித்தான் இருக்கும். முதல் சில ஓட்டங்களுக்கு அப்புறம் கியர் ஆயிலை இறக்கி, அதில் வரும் இரும்புத் தூளைப் பார்த்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள்.