பால் புட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்
அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். இதைத் தயாரிக்க, ஹார்மோன்களைப் பாதிக்கக்கூடிய பிபிஏ (பிஸ்பினால்-ஏ) என்ற வேதிப்பொருள் தேவையில்லை. 7 என்பது 'மற்றவை'. பிபிஏ கொண்டு தயாராகும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கும் அதில் அடக்கம். ஐரோப்பிய ஒன்றியம் பாலிகார்பனேட் பால் புட்டிகளை 2011-லேயே தடை செய்துவிட்டது.

எண்ணைவிடச் சூடுதான் முக்கியம். 5 ஆனாலும், கொதிநீர் ஊற்றிக் குலுக்கினால் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் பாலில் கலக்கும். கொதிநீரில் போட்டெடுத்த எவர்சில்வர் பாத்திரத்தில், 70 டிகிரிக்குக் குறையாத நீரில் பால் பவுடரைக் கரையுங்கள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் வெதுவெதுப்பாகத் தெரியும் அளவுக்கு ஆறியதும் புட்டிக்கு மாற்றுங்கள். பாலை மாற்றும் முன், கொதிக்கவைத்த புட்டியை, காய்ச்சி ஆறிய நீரால் மூன்று முறை அலசுங்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். உட்புறம் மங்கி, பிரஷ் கீறல் தெரிந்தால் புட்டியை மாற்றிவிடுங்கள்.