கிறிஸ்தவப் பங்கில், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த சபையில், சாதியை ஒழிக்க எங்கிருந்து தொடங்குவது?

பிரசங்கத்தில் தொடங்காதீர்கள். யூதரென்றும் கிரேக்கரென்றும் இல்லை என்று பைபிளில் பவுல் எழுதியதை எல்லாரும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, சாகும்போது அவரவர் பக்கத்துக் குழிக்குத்தான் போகிறார்கள். அதனால் முதலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். நடுவில் சுவர் இருக்கிறதா, சுவர் இல்லாவிட்டாலும் யாரை எந்த ஓரத்தில் புதைக்கிறார்கள், மழைக்கு எந்தப் பக்கம் தண்ணீர் தேங்குகிறது என்று பாருங்கள். குழி வெட்டுகிறவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால், பங்குப் பதிவேட்டில் இல்லாததையெல்லாம் சொல்வார்.

அடுத்தது கோவில் திருவிழாத் தேர். தலித் மக்கள் இருக்கும் காலனி முனை வரை வந்து திரும்பிவிடுகிறதா? கேட்டால் "தெரு குறுகல்" என்பார்கள். எங்கள் ஊரிலும் அதைத்தான் சொன்னார்கள். பையன்கள் டேப் வைத்து அளந்தபோது தேர் வழக்கமாகப் போகும் தெருவைவிட அது இரண்டடி அகலம். அளந்துவிட்டுப் பேசுங்கள். திருவிழா வரியையும் விசாரியுங்கள். சில வீடுகளில் வரி வாங்குவதில்லை என்றால் அதைச் சலுகை என்று நினைத்துவிடாதீர்கள், வரி கொடுத்தவனுக்குத்தான் தேரில் உரிமை என்று நாளைக்குச் சொல்வார்கள்.

"காலங்காலமாக இப்படித்தான், இப்போது ஏன் கிளறுகிறீர்கள்" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். கிளறியது நாம் இல்லை. 1833-லேயே ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாதென்று சுற்றறிக்கை விட்டார், தஞ்சாவூரில் பெரிய எதிர்ப்பே கிளம்பியது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் சாதிகளைப் பிரிக்கக் கத்தோலிக்கக் கோவிலுக்குள் நின்ற சுவர் 1910-ல் இடிக்கப்பட்டது. 2008-ல் விழுப்புரம் பக்கம் எறையூர்ப் பங்கில் இதே தகராறு முற்றி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அதனால் அவசரப்பட்டு ஒரே நாளில் மோத வேண்டாம், அதேசமயம் "பார்க்கலாம்" என்பதை நம்பி உட்காரவும் வேண்டாம்.

அன்பியக் கூட்டங்களில் (அக்கம்பக்கத்து வீட்டார் சேர்ந்து ஜெபிக்கும் சிறு குழுக்கள்) பேசி இரு பக்கத்திலும் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, கத்தோலிக்கப் பங்கு என்றால் இந்திய ஆயர் பேரவை 2016-ல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையை அச்செடுத்துக்கொண்டு பாதரைப் பாருங்கள். மூன்று கேளுங்கள், போதும்: எல்லாருக்கும் ஒரே கல்லறை, ஒரே சவ வண்டி, தேர் எல்லாத் தெருவுக்கும். மற்றதெல்லாம் அப்புறம். சம்மதித்தால் பங்குப் பேரவை மினிட் புத்தகத்தில் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கி, நகலை ஆயர் இல்லத்துக்கு அனுப்பிவிடுங்கள். பாதர் சில வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார், புதிதாக வருகிறவரிடம் பழைய ஆட்கள் முதலில் போய் "இங்கே வழக்கம் இப்படி" என்பார்கள்.