ஓடாத காருக்கும் தீனி போட வேண்டும்: சைக்கிளுக்கு மாறுகிறவர்கள் விடும் பிழைகள்

போன கிழமை எங்கள் ஒழுங்கைத் தம்பி ஒருவன் புதுச் சைக்கிளோடு வந்து படலையடியில் நின்றான். "அண்ணா, இனி வேலைக்கு இதிலதான். கார் முற்றத்தில நிக்கட்டும், அவசரத்துக்கு." முகமெல்லாம் சிரிப்பு. எனக்கோ பழைய எரிச்சல் ஒன்று கிளம்பியது. 2022இல் இதே படலையடியில் நின்று, சொல் பிசகாமல் இதையேதான் நானும் என் மனைவியிடம் சொன்னேன்.

நான் இருப்பது அலஸ்தோட்டத்தில். திருகோணமலை நகரத்தில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுவது தொழில். 2022 ஆனியிலிருந்து சைக்கிள்தான். அதற்குப் பிறகு சைக்கிளுக்கு மாறப் பார்த்த பத்துப் பேரையாவது கண்டிருக்கிறேன். பாதிப் பேர் மாரி தொடங்கியதும் திரும்பிப் போனார்கள், மீதிப் பேரில் பலர் நான் விட்ட பிழைகளையே வரிசை மாறாமல் விடுகிறார்கள். பூட்டு வாங்கு, பிரேக்கைப் பார், தொப்பி போடு என்பதையெல்லாம் சைக்கிள் விற்கிறவரே சொல்லிவிடுவார். காசு கரையும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பெற்றோல் காசை மட்டும் காரின் செலவு என்று நினைப்பது

2022 ஆனி கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாய். அந்த விலைக்கும் சாமான் இல்லை. ஜூன் 27 நள்ளிரவிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. எங்கள் திருகோணமலைச் சீனக்குடாவில் பிரித்தானியன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள் 99 இருக்க, அந்த ஊர்க்காரர் நாங்கள் வெறும் கானோடு வரிசையில் நின்றோம். பிறகு கியூஆர் குறியைக் காட்டிப் பங்காக அடிக்கும் முறை வந்தது, முதலில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். அந்த நாட்களில் எல்லாருடைய வாயிலும் பெற்றோல்தான். அதனால் கார் என்றால் பெற்றோல் செலவு, பெற்றோல் அடிக்காவிட்டால் செலவே இல்லை என்று மூளையில் பதிந்துவிட்டது.

என் கணக்கைச் சொல்கிறேன். நாளுக்குச் சராசரி 16 கிலோமீற்றர், மாதம் 26 நாள், லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் சின்ன ஜப்பான் கார். 470 ரூபாய் விலையிலும் மாதம் 13,000 ரூபாய்தான் வரும். கார் வாங்கிய கடனுக்கு மாதாமாதம் கட்டும் லீசிங் தவணையோ 38,500. முழுக் காப்புறுதி வருடத்துக்கு 46,000, மாதத்துக்குப் பிரித்தால் 3,800. சேர்விஸ், டயர், வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை எல்லாம் தனி. நாலில் ஒரு பங்குகூட வராத பெற்றோல் காசை மிச்சம் பிடித்துவிட்டு, காரின் செலவையே ஒழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரிந்தேன். ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுகிறவன் நான்!

காரை "அவசரத்துக்கு" என்று வைத்திருப்பது

இதைப் பற்றி நிறையச் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 ஆடியில் கண்டியிலிருந்து ஒருவர் எங்கள் காரைக் கேட்டு வந்தார். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய காருக்கெல்லாம் அப்போது பொன் விலை. 2019இல் 31 லட்சத்துக்கு எடுத்த கார், அதில் 15 என் காசு, 16 லீசிங். அவர் 48 லட்சம் தருவதாகச் சொன்னார். லீசிங்கை முடித்துவிட ஏழு லட்சம் போதும், கையில் 41 லட்சம் நின்றிருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விற்றால் பிறகு வாங்க ஏலாது. அம்மாவுக்கும் வயசு போகுது, ராத்திரியில ஏதும் அவசரம் எண்டால்?" வந்தவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வருடம் வங்கிகள் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தன. 41 லட்சத்துக்கு 20 வீதம் என்றால் ஒரு வருடத்துக்கு எட்டு லட்சத்து இருபதாயிரம். என் கடைக்காரர்களுடைய வட்டியை நானே மாதாமாதம் பேரேட்டில் பதிந்துகொண்டிருந்தேன். என் முற்றத்தில் 41 லட்சம் தறப்பாளுக்குக் கீழே படுத்திருக்கிறது என்பது ஒருநாளும் எனக்கு உறைக்கவில்லை.

தறப்பாள் என்றதும் இதையும் சொல்லவேண்டும். கடலிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் இருக்கிற வீட்டில் காரைத் தறப்பாளால் இறுக்கி மூடினால் உப்பு ஈரம் உள்ளே போய்த் தங்கிவிடும், வெளியே வர வழியில்லை. மூடாமல் விட்ட காரைவிட மூடிய கார் கெதியாகத் துருப்பிடிக்கும். பிரேக் டிஸ்க்கில் துரு ஏறி, பிரேக் பாட் அதோடு ஒட்டிக்கொண்டது. ஒரே இடத்தில் பாரம் நின்றதால் டயர் ஒரு பக்கம் தட்டையாகி, பிறகு ஓடும்போது டக் டக் என்று அடித்தது. இஞ்சின் மூடிக்குக் கீழே எலி குடும்பம் நடத்தியது, வயரை அதுதான் தின்றது. பற்றரி இருக்கிறதே, கார் ஓடாவிட்டாலும் மணிக்கூட்டுக்கும் அலாரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும், யாரும் திரும்ப நிரப்பாவிட்டால் செத்துப்போகும்.

அது செத்த நாள் எனக்கு நல்ல நினைவு. 2023 தை, வாடை வீசுகிற ராத்திரி இரண்டு மணி. அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. எந்த அவசரத்துக்காக இவ்வளவும் கட்டிக்கொண்டிருந்தேனோ, அந்த அவசரம் வந்து வாசலில் நிற்கிறது. மழைக்குள் தறப்பாளை இழுத்து எறிந்துவிட்டு ஏறி இருந்து திறப்பைத் திருப்பினேன். டிக். அவ்வளவுதான். இன்னொரு தரம் திருப்பினேன், அந்த டிக் கூட இல்லை. மனைவி ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு ஓட்டோ அண்ணையின் கதவைத் தட்டினா. அவர் சாரத்தோடேயே வந்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். காசு கொடுக்கப் போனேன், ஏசிவிட்டார். 1990 என்று அடித்திருந்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வந்திருக்கும், அந்தப் பதற்றத்தில் அந்த இலக்கம் யாருக்குமே ஞாபகம் வரவில்லை. இப்போது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

இதற்குப் பிறகாவது விற்றேனா? இல்லை. புதுப் பற்றரி வாங்கிப் போட்டேன். கழுதைக்குக் கூட இரண்டாம் தரம் அதே குழியில் கால் போகாது.

கடைசியில் லீசிங் முடிந்து 2024 பங்குனியில்தான் விற்றேன், 41 லட்சத்துக்கு. அடிப்பக்கத் துருவைப் பார்த்துவிட்டு வாங்க வந்தவர் சொன்ன விலை அது, வாதாட என்னிடம் வாய் இல்லை. விற்ற அன்று இரவு பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். சைக்கிளுக்கு மாறியதிலிருந்து லீசிங் முடிந்தது வரை 20 மாதம். பற்றரி 28,000, வயர் வேலை 19,000, பிரேக் 17,000, இரண்டு டயர் 44,000, இரண்டு வருடக் காப்புறுதி 92,000. லீசிங் ஓடும்வரை முழுக் காப்புறுதிதான் கட்டாயம், மூன்றாம் தரப்புக்கு இறக்க விடமாட்டார்கள். கூட்டினால் சரியாக இரண்டு லட்சம். அந்த 20 மாதத்தில் கார் ஓடிய தூரம் 1,100 கிலோமீற்றர், மட்டக்களப்பில் இரண்டு கல்யாணம், கண்டிக்கு ஒரு பயணம், மிச்சம் கன்னியா, நிலாவெளி என்று சில்லறை ஓட்டம். ஒரு கிலோமீற்றருக்கு 182 ரூபாய் வருகிறது, அதுவும் பெற்றோல் சேர்க்காமல், தவணையாகக் கட்டிய 7,70,000 சேர்க்காமல். சாரதியோடு வான் பிடித்துப் போயிருந்தால் இதைவிட மலிவாகப் போய், வழியில் நித்திரையும் கொண்டிருக்கலாம்.

தம்பி சொல்லுவான், எனக்கு லீசிங் இல்லை அண்ணா, கைக்காசுக்கு எடுத்த கார் என்று. சரி, தவணை இல்லை. காப்புறுதியும் துருவும் எலியும் அவனுக்கும் உண்டு, வட்டி தராமல் முடங்கிக் கிடக்கிற காசும் உண்டு. கார் வேண்டும் என்றால் ஓட்டுங்கள், நான் மறிக்கவில்லை. கிண்ணியாவிலிருந்து நாளாந்தம் வந்து போகிறவரையோ, நடக்கமுடியாத ஒருவரை வீட்டில் வைத்திருப்பவரையோ சைக்கிள் வாங்கு என்று சொல்ல எனக்குப் பைத்தியமில்லை. ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டு மிச்சம் பிடிக்கிறேன் என்று யாரும் என்னிடம் வந்து சொல்லவேண்டாம்.

கொழும்புப் பயணத்துக்காகக் கார் வைத்திருப்பது

இரவு மெயில் ரயில் இருக்கிறது.

சைக்கிளுக்குச் செலவே இல்லை என்று நம்புவது

முதலில் சொன்ன பெற்றோல் பிழைக்கு எதிர்ப்பக்கப் பிழை இது. சைக்கிளுக்கு ஒரு சதமும் ஒதுக்காமல் தொடங்குகிறவர், முதல் மாரியில் ஓட்டோவுக்கு இரண்டாயிரம் போனதும் "இதுவும் செலவுதானே" என்று காருக்கு ஓடிவிடுவார். ஐப்பசி தொடங்கித் தை வரை இங்கே மழை எப்படி அடிக்கும் என்று தெரியும்தானே, ரெயின்கோட் போட்டாலும் கணக்குப் புத்தகம் நனைந்துவிடும். ஆகவே ஓட்டோ, பஸ், கல்யாணத்துக்கு வான் எல்லாம் சைக்கிள் கணக்கில் முதலே எழுதப்படவேண்டியவை. எனக்கு வருடத்துக்கு அது 45,000 வரை போகிறது. டயர், ரியூப், செயின், பிரேக் கட்டை, பேரிங் குண்டு மாற்றுவது என்று சைக்கிளுக்கு ஒரு 20,000. மொத்தம் 65,000. காரில் ஐந்து கிழமைக்குப் போனது அவ்வளவு. இதைத் தெரிந்துகொண்டு ஓட்டோவில் ஏறினால் மனம் எரியாது.

கடற்கரை ஊருக்கு ஷோக் சைக்கிள் வாங்குவது

முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்பிரிங், 21 கியர், மட்காட் இல்லை, கரியர் இல்லை. இளம் பெடியள் எல்லாம் இதில்தான் விழுகிறார்கள். அலஸ்தோட்டத்திலிருந்து நகரம் வரை பாதை தட்டை, உவர்மலைக்கு ஏறினால்தான் கொஞ்சம் மூச்சு வாங்கும், அதற்கு இறங்கி உருட்டினால் மானம் போய்விடாது. கியர் கூடக் கூட உப்புக் காற்றுக்குத் தின்ன இடம் கூடும். மட்காட் இல்லாத சைக்கிளில் மாரியில் போனால் முதுகில் சேற்றுக் கோடு விழும், கரியர் இல்லாவிட்டால் அரிசியை எங்கே வைப்பது? நான் திருக்கடலூர் மீனவர் ஒருவரிடம் 24,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய கட்டைச் சைக்கிள் இன்னும் ஓடுகிறது. ஒழுங்கை முனையில் இருக்கிற எந்தச் சைக்கிள் கடையிலும் அதற்குச் சாமான் கிடைக்கும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய்

வேண்டாம். தூசியைப் பிடித்துக் களியாகிவிடும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மெஷின் எண்ணெய் துளித் துளியாய் விட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். கடற்கரை வீதியால் போய்வருகிறவர் கிழமைக்கு ஒருமுறை.

கச்சான் காற்றில் மத்தியானம் கிளம்புவது

ஆனி, ஆடியில் அந்தச் சூட்டுக் காற்று நிலாவெளி வீதியில் பக்கவாட்டில் நின்று தள்ளும். பஸ் ஒன்று முந்திப் போகும்போது சைக்கிள் தன்பாட்டில் ஒரு முழம் நகரும். புதியவர் முதல் நாளே மத்தியானம் ஒரு மணிக்கு உப்புவெளிக்கு ஓடிப்பார்த்துவிட்டு, எனக்கு இது சரிவராது என்கிறார். காலை ஏழரைக்குள் போங்கள், ஐந்து மணிக்குப் பிறகு வாருங்கள். இடையில் போகத்தான் வேண்டும் என்றால் ஓட்டோ, அந்த 45,000 அதற்குத்தானே.

இரவில் மான்

திருகோணமலை நகரத்துக்குள் மான்கள் வீதியில் திரியும், மாடும் சேரும். இரண்டுக்கும் ஹோர்ன் கேட்காது.

ஊர் என்ன சொல்லும் என்று பார்ப்பது

சொல்லும். "காரை வித்துப்போட்டானாம், என்ன கஷ்டமோ" என்று மூன்று மாதம் சொன்னார்கள். மச்சான் ஒருவர் இரகசியமாகக் காசு வேண்டுமா என்றுகூடக் கேட்டார். பிறகு வேறு யாருடையதோ கதை வந்துவிட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே படலையில் சத்தம். அந்தத் தம்பிதான். பற்றரிக்கு வயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணுவார்களே, அந்த வயர் இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது, காரோடு சேர்த்து விற்றுவிட்டேன் என்றேன்.