சிஎஸ்எஃப் லீக் ஆய்வுகளில் யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள்: சைட்டேஷன் வரைபடம் போடும் முறை

எம்.டி., எம்.எஸ்., எம்.சிஎச். மாணவர்களிடம் "அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகள்" வகை அலசல் இப்போது பிரபலம். நோயாளிகளைச் சேர்க்க வேண்டாம், ஓபி-யில் காத்திருக்க வேண்டாம், ஒரு லேப்டாப் போதும். அதோடு சேர்த்துப் போடுவதுதான் சைட்டேஷன் வரைபடம்: ஒவ்வொரு கட்டுரையும் ஒரு புள்ளி, மேற்கோள் வழியான தொடர்பு ஒரு கோடு. சிஎஸ்எஃப் லீக், அதாவது மூளைத் தண்டுவட நீர் கசிவு, இதற்கு நல்ல தலைப்புதான். ஆனால் தேடல் பெட்டியில் இரண்டு சொல்லைத் தட்டி, வந்ததை எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினால் கிடைப்பது வெறும் கலவை.

காரணம், இது ஒரே துறை இல்லை. மூக்கு, காது வழியாக வழியும் கசிவை ஈஎன்டி, ஸ்கல் பேஸ் சர்ஜன்கள் எழுதுகிறார்கள். முதுகெலும்புப் பகுதியில் தானாகக் கசிந்து, எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரும் எஸ்ஐஹெச் (ஸ்பான்டேனியஸ் இன்ட்ராக்ரேனியல் ஹைப்போடென்ஷன்) நியூராலஜி, ரேடியாலஜிக்காரர்களுடையது. ஸ்பைனல் ஊசி போட்டபின் வரும் தலைவலி அனஸ்தீசியாவுக்கு. ஸ்பைன் ஆபரேஷனில் டியூரா (தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறை) கிழிவது ஸ்பைன் சர்ஜன்களுக்கு. நான்கு கூட்டம், நான்கு வகை இதழ்கள். 2006-ல் ஹடாட் குழு லாரிங்கோஸ்கோப் இதழில் நேசோசெப்டல் ஃப்ளாப் (மூக்கின் நடுச்சுவர்த் திசுவை எடுத்து ஓட்டையை மூடும் முறை) பற்றி எழுதியது. அதே ஆண்டு ஷீவிங்க் ஜாமா இதழில் தானாக வரும் ஸ்பைனல் கசிவு பற்றி ஒரு ரெவ்யூ எழுதினார். இரண்டுமே அவரவர் கூட்டத்தில் எல்லோரும் காட்டும் கட்டுரை. ஒன்றைக் காட்டுகிறவர் மற்றொன்றைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு எது "பெரியது" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

படி 1: எந்தத் தரவுத்தளம்

உங்கள் கல்லூரி நூலகத்தில் ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயன்ஸ் இருந்தால் அதை எடுங்கள். இரண்டும் இல்லையென்றால் ஓப்பன்அலெக்ஸ், இலவசம். பப்மெட் மட்டும் போதாது: அதிலிருந்து இறக்கும் கோப்பில் கட்டுரையின் ரெஃபரன்ஸ் பட்டியல் வராது, அது இல்லாமல் வரைபடம் இல்லை. கூகுள் ஸ்காலர் எண்ணிக்கை பார்க்க மட்டும்தான். இரண்டு தளங்களின் எண்ணிக்கையை ஒரே அட்டவணையில் கலக்கவே கலக்காதீர்கள்.

நோயாளி தரவு இல்லை என்றாலும், எத்திக்ஸ் கமிட்டியிடம் விலக்குக் கடிதம் வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 2: தேடல் வாக்கியம்

"சிஎஸ்எஃப்" என்ற சுருக்கத்தை மட்டும் "லீக்" உடன் சேர்த்துத் தேடினால் புற்றுநோய்க் கட்டுரைகள் வந்து குவியும். காலனி ஸ்டிமுலேட்டிங் ஃபேக்டருக்கும் அதே மூன்றெழுத்துதான். அந்த மருந்தின் பக்கவிளைவாக "கேப்பிலரி லீக்" என்று ஒன்று இருப்பதால் இரண்டு சொல்லும் ஒரே சுருக்கவுரையில் நிற்கும். பன்றிகளுக்கு வரும் கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவருக்கும் அதே சுருக்கம். ஆகவே "செரிப்ரோஸ்பைனல் ஃப்ளூயிட்" என்று முழுதாக எழுதி, கசிவுச் சொல்லை மூன்று சொல் தூரத்துக்குள் கட்டுங்கள் (வெப் ஆஃப் சயன்ஸில் நியர்/3, ஸ்கோபஸில் டபிள்யூ/3).

கசிவுச் சொல் ஒன்று போதாது. "லீக்" உடன் நட்சத்திரக் குறி போட்டால் லீக்ஸ், லீக்கேஜ் இரண்டும் வரும். பழைய கட்டுரைகள் "ஃபிஸ்டுலா" என்றே எழுதும், அதற்கும் நட்சத்திரக் குறி தேவை. ரைனோரியா (மூக்கு வழிக் கசிவு), ஓட்டோரியா (காது வழிக் கசிவு) இரண்டையும் அமெரிக்கர்கள் ஒரு விதமாகவும் பிரிட்டிஷார் ஓர் எழுத்து கூட்டியும் எழுதுவார்கள். இரட்டை ஆர், ஹெச் வரை எழுதி நட்சத்திரக் குறி போட்டுவிட்டால் தொல்லை இல்லை.

பிறகு "லீக்" என்ற சொல்லே தலைப்பில் இல்லாத கட்டுரைகள்: இன்ட்ராக்ரேனியல் ஹைப்போடென்ஷன், போஸ்ட் டியூரல் பங்க்சர் ஹெட்ஏக், எபிடியூரல் ப்ளட் பேட்ச், இன்சிடென்டல் டியூரோடமி. இவற்றை விட்டால் பாதித் துறை காணாமல் போகும். நோயாளியின் ரத்தத்தையே ஊசியால் செலுத்திக் கசிவை அடைக்கும் ப்ளட் பேட்ச் முறையை 1960-ல் எழுதிய கோர்ம்லியின் கட்டுரைத் தலைப்பில் கசிவும் இல்லை, பேட்ச்சும் இல்லை; ஸ்பைனலுக்குப் பின் வரும் தலைவலிக்குச் சிகிச்சை என்றுதான் இருக்கும்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித் தேடல் வாக்கியம் எழுதி, நான்கு தனி ஃபோல்டரில் வைப்பது என் பரிந்துரை. நூறுக்குப் பதில் கூட்டத்துக்கு 25. எக்ஸாமினருக்கும் விளக்குவது எளிது.

படி 3: இறக்குதல்

வெப் ஆஃப் சயன்ஸில் "ஃபுல் ரெகார்ட் அண்ட் சைட்டட் ரெஃபரன்சஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தடவைக்கு 500 பதிவுதான். 1–500, 501–1000 என்று துண்டு துண்டாக எடுக்க வேண்டும். ஸ்கோபஸில் ரெஃபரன்ஸ் பெட்டியை டிக் செய்ய மறந்தால் கோப்பு ஒழுங்காகத்தான் தெரியும், கோ-சைட்டேஷன் (படி 5-ல் வரும் வரைபட வகை) மட்டும் ஓடாது. எல்லாத் துண்டுகளையும் ஒரே நாளில் இறக்கி, தேதியைக் குறித்து வையுங்கள்.

சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். 3-12 என்ற பக்க எண்ணை அது தேதியாக்கிவிடும். ஜெர்மன் பெயர்களின் புள்ளி எழுத்துகளும் உடையலாம். பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஒரு நகலைத் திறங்கள்.

படி 4: பெயர்களைச் சுத்தம் செய்தல்

பெரும்பாலோர் தாண்டிப் போகும் படி இது. வரைபடம் பொய் சொல்வதும் இங்கேதான்.

வரைபடம் போடும் இலவச மென்பொருள் விஓஎஸ்வியூவர். அதற்கு ஒரு கட்டுரையை இரண்டு விதமாக எழுதினால் அது இரண்டு கட்டுரை. எஸ்ஐஹெச்சை முதலில் விவரித்த ஷால்டன்பிராண்ட் 1938-ல் ஜெர்மன் மொழியில் எழுதியது இதற்குச் சரியான சோதனை. இதழின் பெயரை ஒருவர் முழுதாக எழுதுவார், ஒருவர் சுருக்குவார், ஒருவர் பக்க எண்ணை விட்டுவிடுவார். நாலைந்து புள்ளியாகச் சிதறினால் எதுவுமே வரம்பை (படத்தில் இடம்பெறத் தேவையான குறைந்தபட்ச மேற்கோள் எண்ணிக்கையை) தாண்டாது. துறையின் தொடக்கமே படத்தில் இருக்காது.

செய்ய வேண்டியது: சைட்டட் ரெஃபரன்ஸுக்கான குறைந்தபட்ச எண்ணிக்கையை முதலில் 2 என்று வைத்து ஓட்டுங்கள். கடைசியில் வரும் சரிபார்ப்புப் பட்டியலை வலது க்ளிக் செய்து கோப்பாக எடுத்து, அகர வரிசையில் அடுக்குங்கள். ஒரே கட்டுரையின் வடிவங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். பிறகு நோட்பேடில் ஒரு கோப்பு: முதல் வரியில் "லேபிள்", ஒரு டேப், "ரீப்ளேஸ் பை". அடுத்த ஒவ்வொரு வரியிலும் தவறான வடிவம், டேப், சரியான வடிவம். ஸ்பேஸ் பார் தட்டினால் வேலை செய்யாது, டேப் கீதான். வேர்டில் எழுத வேண்டாம், மேற்கோள் குறியையெல்லாம் மாற்றிவிடும். இதுதான் தெசாரஸ் கோப்பு. எண்ணும் முறையைத் தேர்ந்தெடுக்கும் அதே திரையில் இதைக் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.

இணைக்கும் உற்சாகத்தில் எல்லை மீற வேண்டாம். ஷால்டன்பிராண்ட் 1953-ல் லான்செட்டில் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறார். அது வேறு கட்டுரை. மூக்கு வழிக் கசிவை ஆபரேஷனால் மூடியது பற்றி எழுதிய சர்ஜன் டாண்டியும் அப்படித்தான்: 1926-ல் எழுதியது வேறு, 1944-ல் எழுதியது வேறு. ஆண்டும் பக்கமும் ஒத்துப்போகாமல் இணைக்காதீர்கள். டிஓஐ (கட்டுரைக்கான தனி அடையாள எண்) இருந்தால் அதுவே தீர்ப்பு.

ஆசிரியர் வரைபடம் போடுவதானால் நம்மூர்ப் பெயர்களைத் தனியாகப் பாருங்கள். இனிஷியலை ஒரு இதழில் விரித்தும் ஒரு இதழில் சுருக்கியும் கொடுத்த ஒரே டாக்டர் இரண்டு பேராக நிற்பார். "குமார் எஸ்" என்ற ஒரே புள்ளியில் பத்து பேர் ஒளிந்திருப்பார்கள். ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) இருந்தால் பிழைத்தோம்.

படி 5: எந்த வரைபடம்

கோ-சைட்டேஷன் என்றால் இரண்டு பழைய கட்டுரைகளை மூன்றாவது ஒன்று சேர்த்துக் காட்டுவது. துறையின் அடித்தளம் தெரியும், புதியது தெரியாது. பிப்ளியோகிராஃபிக் கப்ளிங் என்றால் இரண்டு கட்டுரைகளின் ரெஃபரன்ஸ் பட்டியல் ஒத்துப்போவது. இப்போது எங்கே வேலை நடக்கிறது என்பது இதில் தெரியும். தண்டுவட நீர் நேராக ரத்தக் குழாய்க்குள் (வெயினுக்குள்) கசியும் சிஎஸ்எஃப்-வீனஸ் ஃபிஸ்டுலா 2014-ல்தான் முதலில் விவரிக்கப்பட்டது. அந்தக் கிளையைப் பார்க்கக் கப்ளிங்தான் சரி.

எண்ணும் முறையில் ஃப்ராக்ஷனல் கவுன்டிங் (நீளமான ரெஃபரன்ஸ் பட்டியலின் எடையைக் குறைத்து எண்ணுவது) வையுங்கள். இல்லாவிட்டால் 300 ரெஃபரன்ஸ் கொண்ட ஒரு ரெவ்யூ படத்தையே இழுத்துக்கொண்டு போகும். வரம்பு இவ்வளவு என்று விதி இல்லை. 80 முதல் 150 புள்ளி மிஞ்சும்படி ஏற்றி இறக்குங்கள், அதற்கு மேல் போனால் ஏ4 தாளில் படிக்க முடியாது. ரெசல்யூஷன் (புள்ளிகளை எத்தனை குழுவாகப் பிரிப்பது என்ற அமைப்பு) 1.00-லேயே இருக்கட்டும். அட்டவணைகளுக்கு ஆர் மொழியில் ஓடும் பிப்ளியோமெட்ரிக்ஸ் தொகுப்பு நல்லது. ஆரம்பத்திலேயே சைட்ஸ்பேஸ் என்ற இன்னொரு மென்பொருள் பக்கம் போக வேண்டாம், அமைப்புகளிலேயே நாள் போய்விடும்.

படி 6: எண்ணிக்கையைப் படித்தல்

பழைய கட்டுரைக்கு வயதே ஒரு லாபம். 2006 கட்டுரைக்கு 600, எம்ஆர்ஐ-யை வைத்து மதிப்பெண் போடும் பெர்ன் ஸ்கோர் போன்ற 2019 கட்டுரைக்கு 240 மேற்கோள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2025-ல் கணக்குப் போட்டால் முதலாவது 20 ஆண்டுக்கு 30 வீதம், இரண்டாவது 7 ஆண்டுக்கு 34. வரிசை மாறிவிட்டது. வெளியான ஆண்டையும் சேர்த்து எண்ணுங்கள், இல்லாவிட்டால் நடப்பு ஆண்டுக் கட்டுரையைப் பூஜ்யத்தால் வகுக்க நேரும்.

இன்னும் நேர்மையான அளவு, அமெரிக்க என்ஐஹெச்சின் ஐசைட் தளம் தரும் ஆர்சிஆர் (ரிலேட்டிவ் சைட்டேஷன் ரேஷியோ). பப்மெட் எண்களை ஒட்டினால் போதும், இலவசம். துறையையும் ஆண்டையும் கணக்கில் எடுக்கும். 1 என்றால் என்ஐஹெச் நிதி பெற்ற கட்டுரைகளின் நடுமதிப்பு.

தன் கட்டுரையைத் தானே காட்டிக்கொள்வதையும் தனியாகக் கழித்துக் காட்டுங்கள். எஸ்ஐஹெச்சில் லாஸ் ஏஞ்சல்ஸ், மேயோ, டியூக், பெர்ன், ஃப்ரைபுர்க் என்று சில மையங்களே நிறைய எழுதுகின்றன. தங்கள் முந்தைய வேலையைக் காட்டாமல் அவர்களால் எழுதவும் முடியாது. அது குற்றமல்ல, ஆனால் கழித்த எண், கழிக்காத எண் இரண்டும் அட்டவணையில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை 1: விஓஎஸ்வியூவரின் ஆன்லைன் பதிப்பில் "கிரியேட்" பொத்தான் எங்கே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது முடிந்த வரைபடத்தைக் காட்டுவதற்கு மட்டும். வரைய, கணினியில் நிறுவும் பதிப்பும் ஜாவாவும் வேண்டும்.

பின்சேர்க்கை 2: ஓப்பன்அலெக்ஸ் தரவில் பழைய கட்டுரைகள் பலவற்றுக்கு ரெஃபரன்ஸ் பட்டியல் காலியாக இருக்கும். கப்ளிங் வரைபடத்தில் ஓரத்தில் தனியாக மிதக்கும் புள்ளிகளைப் பார்த்து "ஒதுக்கப்பட்ட ஆய்வு" என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பதிவைத் திறந்து, ரெஃபரன்ஸ் எண்ணிக்கை பூஜ்யமா என்று பாருங்கள்; பூஜ்யமானால் கப்ளிங்கிலிருந்து நீக்கி, நீக்கிய எண்ணிக்கையை மெத்தட்ஸ் பகுதியில் எழுதுங்கள்.