களத்தில் ஆய்வாளர் யாராகப் பார்க்கப்படுகிறார்? சென்னை முஸ்லிம்களிடையே களப்பணி செய்வோருக்கு

சென்னை முஸ்லிம்களிடையே இனவரைவியல் களப்பணி, அதாவது மக்களோடு பழகி அவர்கள் வாழ்வை எழுதும் ஆய்வு, செய்யப் புறப்படுபவர், கேள்விப் பட்டியலைத் தயாரிப்பதற்கு முன்பே, அங்கே தமக்கு எந்த இடம் தரப்படும் என்று யோசிக்க வேண்டும். ஆய்வாளர் என்று நாம் சொல்லிக்கொண்டாலும், எதிரில் இருப்பவர் நம்மைப் பத்திரிகைக்காரராகவோ, கணக்கெடுக்க வந்தவராகவோ, உளவுத்துறை ஆளாகவோ, மார்க்கத்தை அறிய வந்தவராகவோ எடுத்துக்கொள்ளக்கூடும். அதற்கேற்ற பதிலையே தருவார். ஆகவே ஒவ்வொரு நாள் குறிப்பின் தலைப்பிலும், அன்று நாம் யாராகக் கருதப்பட்டோம் என்பதை ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும்.

அடுத்தது, 'முஸ்லிம் சமூகம்' என்ற ஒருமையைக் கைவிடுவது. 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசல் இருக்கும் திருவல்லிக்கேணியில் தக்கினி உருது கேட்கும்; மண்ணடியிலோ காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து வணிகத்துக்காக வந்த குடும்பங்களின் தமிழ் கேட்கும்; ஆயிரம் விளக்கு மசூதி ஷியா பிரிவினருடையது. தர்கா விஷயத்தில், அங்கே போவதை ஏற்கும் சுன்னத் ஜமாஅத்தினருக்கும் அதை மார்க்கத்துக்கு மாறானது என்று மறுக்கும் தவ்ஹீத் கொள்கையினருக்கும் நெடுநாள் கருத்து வேறுபாடு உண்டு. தர்கா வாசலில் நின்று "இது மார்க்கத்தில் உண்டா?" என்று கேட்கும் ஆய்வாளர், தாம் அறியாமலே அந்த வழக்கில் ஒரு கட்சியாகிவிடுகிறார். "நீங்கள் எப்போதிலிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டால் போதும்.

பல்கலைக்கழகக் கடிதத்துடன், பள்ளிவாசல் நிர்வாகத்தைக் கவனிக்கும் முத்தவல்லியையோ, அந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்த மக்களின் அமைப்பான ஜமாஅத்தின் நிர்வாகிகளையோ முதலில் சந்திப்பது முறை. ஆனால் அவர்கள் தரும் அனுமதி பள்ளிவாசலுக்குள் வருவதற்கானது. ஒவ்வொருவரின் சம்மதத்தையும் தனித்தனியே பெற வேண்டும். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக 2020 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையில் நடந்த போராட்டம் பலருக்கும் மறக்கவில்லை என்பதால், குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை, பிறந்த ஊர், ஆவணங்கள் பற்றிய கேள்விகளை முதல் சந்திப்பில் தொடவே கூடாது. பாடநூல்கள் குடும்ப விவரத்திலிருந்தே தொடங்கச் சொல்லும். இங்கே அது தவறான தொடக்கம்.

ஆய்வாளரே முஸ்லிமாக இருந்தால் எல்லாம் எளிது என்பது மேலோட்டமான எண்ணம். ஸலாம் சொன்னதும் "எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஜமாஅத்?" என்ற விசாரணை தொடங்கும், பிறருக்குப் பொறுமையாக விளக்கப்படுவது, 'உங்களுக்குத் தெரியாததா' என்று அவரிடம் சொல்லாமலே விடப்படும். ஆண் ஆய்வாளருக்குப் பெண்களின் பேச்சு பெரும்பாலும் வீட்டு ஆண்கள் வழியாகவே வந்து சேரும். அதைப் பெண்களின் கருத்தாக எழுதாமல், யார் முன்னிலையில் யார் சொன்னது என்று எழுத வேண்டும். முடிந்தால் பெண் ஆய்வாளர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ரமலானில் நோன்புக் கஞ்சி நீட்டப்பட்டால் வாங்கி, உட்கார்ந்து குடிக்க வேண்டும். நோன்பு திறக்கும் நேரத்தில் குறிப்பேடும் கைப்பேசிப் பதிவும் பைக்குள் இருக்கட்டும். பேருந்திலோ அறையிலோ அன்றிரவே எழுதிக்கொள்ளலாம். அடுத்த முறை போகும்போது, முன்பு கேட்டதை எழுதிவைத்திருப்பதாக மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் கஞ்சி குடித்தபோது அவர்கள் நம்மை விருந்தாளியாகவே எண்ணியிருப்பார்கள்.

எழுதும்போது பெயரை மட்டும் மாற்றுவது போதாது. மண்ணடியில் தெருவும் தொழிலும் சொந்த ஊரும் சேர்ந்தால், அக்கம்பக்கத்தார் ஆளை எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவற்றில் இரண்டையேனும் மாற்றி, அந்தப் பகுதியை உரியவரிடம் தமிழிலோ உருதுவிலோ வாசித்துக் காட்டி, அவர் நீக்கச் சொல்வதை நீக்கிய பிறகே வெளியிட வேண்டும்.